ஹென்றி ஃபார்மன்: பந்தயக் காரிலிருந்து விமானத்துக்கு (விவாத இழை)

#1 பனார் பிரியன்

விமானத்தின் கதை என்றாலே நாம் ரைட் சகோதரர்களில் தொடங்கி, அடுத்த நொடியே ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிய பிளேரியோவிடம் போய் நிற்கிறோம். நடுவில் ஓர் ஆள் விட்டுப்போகிறார். அவரைப் பற்றிப் பேசலாம் என்றுதான் இந்த இழை.

ஹென்றி ஃபார்மன், பிறப்பு 26 மே 1874, பாரிஸ். அப்பா பாரிஸில் வேலை பார்த்த ஆங்கிலேயப் பத்திரிகை நிருபர். பையனை ஓவியம் படிக்க நுண்கலைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அவர் சைக்கிளில் ஏறிவிட்டார். தம்பி மோரிஸோடு இரட்டை மிதி சைக்கிள் ஓட்டி, இருவரும் பிரான்ஸில் பெயர் பெற்றார்கள். அங்கிருந்து கார்.

1901 போ நகரப் பந்தயத்தில் தம்பிக்குப் பெரிய பரிசு, அண்ணனுக்கு அதற்கு அடுத்த வகையில் பரிசு. 1902இல் பாரிஸ்–வியன்னா. ஆல்ப்ஸ் மலையின் ஆர்ல்பெர்க் கணவாயைத் தாண்டிப் போகும் பாதை. ஃபார்மனிடம் இருந்தது 70 குதிரைத்திறன் பனார் கார், 13 லிட்டருக்கு மேல் கொள்ளளவு. மொத்தத்தில் முதலில் வந்தவர் சின்ன ரெனோ காரில் வந்த மார்செல் ரெனோ. ஆனால் கனரகப் பிரிவு ஃபார்மனுடையது. 1903இல் அயர்லாந்தில் நடந்த கார்டன் பென்னெட் கோப்பையில் மூன்றாமிடம்.

1905இல் ஓவெர்ன் மலைப்பாதையில் நடந்த தகுதிப் பந்தயத்தில் வளைவு தப்பி வண்டி பள்ளத்தில் விழுந்தது. மரக்கிளை தாங்கியதால் உயிர் பிழைத்தார். அதற்குப் பிறகு பந்தயத்தை விட்டார். பாரிஸில் கார் வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தவர் 1907 ஜூனில் விமானம் செய்துவந்த வுவாசான் சகோதரர்களிடம் ஒரு விமானத்துக்கு ஆர்டர் கொடுத்தார்.

ஏழே மாதத்தில், 13 ஜனவரி 1908 அன்று, பாரிஸ் ஓரத்தில் இசி லெ மூலினோ ராணுவ அணிவகுப்பு மைதானத்தில் ஒரு கிலோமீட்டர் சுற்றைப் பறந்து முடித்து, கிளம்பிய இடத்திலேயே இறங்கினார். 1 நிமிடம் 28 நொடி. பரிசு 50,000 ஃபிராங்க்.

என் கட்சி இதுதான்: ஃபார்மன் எதையும் கண்டுபிடித்தவர் இல்லை. ஆனால் பந்தயப் பட்டறையில் பழகிய கை இல்லாவிட்டால் ஐரோப்பாவில் விமானம் அந்த வேகத்தில் வளர்ந்திருக்காது. மறுப்பவர்கள் வரலாம்.

#2 கடைசி பெஞ்ச்

ஒரு கிலோமீட்டருக்கு 50,000 ஃபிராங்கா? அதுவும் நம் தெருமுனை டீக்கடைக்குப் போய் வருகிற தூரத்துக்கு?

#3 பனார் பிரியன்

தூரத்துக்கு இல்லை தம்பி, திரும்பியதற்கு. நேராகப் போவதை 1906லேயே சாண்டோஸ் துமோன் செய்துவிட்டார், 220 மீட்டர். திரும்பி வருவதற்குத்தான் தாய்ச் த லா மூர்த், ஆர்ச்டீக்கன் என்ற இரண்டு பணக்கார விமானப் பிரியர்கள் சேர்ந்து பணம் வைத்தார்கள். கிளம்பும் கோட்டிலிருந்து 500 மீட்டர் தள்ளி ஒரு கம்பம். அதைச் சுற்றி வந்து, கிளம்பிய கம்பங்களுக்கு நடுவே திரும்ப நுழைய வேண்டும். 1904இல் அறிவித்த பரிசு, மூன்று வருஷத்துக்கு மேல் யாராலும் தொட முடியவில்லை.

ஏன் கஷ்டம் என்றால், அந்த வுவாசான் விமானத்தில் இறக்கையைச் சாய்க்க ஒரு வழியும் கிடையாது. இருப்பது சக்கரம் மாதிரி ஒரு ஸ்டியரிங். முன்னே தள்ளினால், பின்னே இழுத்தால் மூக்கை ஏற்றி இறக்குகிற எலிவேட்டர் பலகை முன்பக்கம் அசையும். சுழற்றினால் வாலில் உள்ள சுக்கான் திரும்பும். அவ்வளவுதான். சுக்கானை மட்டும் திருப்பினால் வெளிப்பக்க இறக்கை வேகமாக ஓடி மேலே எழும்பும், உள்பக்க இறக்கை தாழும். தாழ்ந்ததை நிமிர்த்த எதுவும் இல்லை. பறக்கிற உயரமோ சில மீட்டர். கொஞ்சம் கூடுதலாகத் தாழ்ந்தால் இறக்கை நுனி தரையைத் தொட்டுவிடும். அதனால் அகலமாக, தட்டையாக, சறுக்கிக்கொண்டே திரும்பினார். கணக்கில் 1 கிலோமீட்டர், உண்மையில் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் பறந்திருக்கிறார்.

#4 கிட்டி ஹாக் கட்சி

மறுப்பவர்கள் வரலாம் என்றீர்கள், வந்துவிட்டேன் சார்.

ரைட் சகோதரர்கள் முழு வட்டம் அடித்தது 20 செப்டம்பர் 1904. ஃபார்மனுக்கு மூன்று வருஷம் நான்கு மாதம் முன்னால். 5 அக்டோபர் 1905 அன்று ஒஹாயோவின் ஹஃப்மன் மேய்ச்சல் நிலத்தில் 39 நிமிடம், 38 கிலோமீட்டருக்கு மேல், சுற்றிச் சுற்றிப் பறந்தார்கள். ஃபார்மன் 1908இல் ஒன்றரை நிமிடம் பறந்ததற்கு பாரிஸே கொண்டாடியது என்றால், பாரிஸுக்கு விஷயம் தெரியவில்லை என்றுதான் அர்த்தம்.

தெரிந்தபோது என்ன ஆயிற்று? 8 ஆகஸ்ட் 1908, லெ மான் பக்கத்தில் ஹுனோதியேர் குதிரைப் பந்தயத் திடல். வில்பர் ரைட் மேலே போய், இறக்கையைச் சாய்த்து, சாவகாசமாக இரண்டு வட்டம் அடித்து இறங்கினார். இரண்டு நிமிடம் கூட ஆகவில்லை. பார்த்த பிரெஞ்சு விமானிகள் வாயடைத்துப் போனார்கள். நாம் தோற்றுவிட்டோம் என்று லியோன் தெலாகிரான்ஜ் வெளிப்படையாகவே சொன்னார்.

அப்புறம் அக்டோபரில் ஃபார்மனின் விமானத்தில் திடீரென்று எய்லரான் (இறக்கை ஓரத்தில் அசைகிற மடிப்பு, விமானத்தைச் சாய்க்க) முளைக்கிறது. எங்கிருந்து வந்தது யோசனை? நான் சொல்ல வேண்டுமா?

#5 நீலவானம்

கிட்டி ஹாக் அண்ணன் சொல்வதில் தேதிகள் எல்லாம் சரி. ஆனால் ஒன்றை விட்டுவிட்டார். ஹுனோதியேர் நடந்த வாரங்களில் ஃபார்மன் பிரான்ஸில் இல்லை. நியூயார்க் பக்கம் பிரைட்டன் பீச்சில் காட்சிப் பறத்தலுக்குப் போயிருந்தார். கூட்டம் வரவில்லை, கூட்டிக்கொண்டு போனவர்கள் திவாலானார்கள். வெறுங்கையோடு ஊர் திரும்பிப் பார்த்தால் ஊரே வில்பர் புராணம் பாடிக்கொண்டிருந்தது.

இன்னொன்று, கார் பந்தயப் பிரியர்களுக்கு: லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தின் அந்த நீண்ட நேர்ப்பாதையை பிரெஞ்சுக்காரர்கள் இன்றைக்கும் ஹுனோதியேர் நேர்ப்பாதை என்றுதான் சொல்கிறார்கள். வில்பர் பறந்த திடல் அதை ஒட்டியே இருந்தது.

#6 பனார் பிரியன்

எய்லரான் வில்பரைப் பார்த்த பிறகு வந்தது என்பதை நான் மறுக்கவே இல்லை. ஃபார்மனுக்கு முன்னாலேயே பிரான்ஸில் எஸ்னோ பெல்தெரி அந்த மாதிரி ஒன்றைக் கிளைடரில் முயன்று பார்த்திருக்கிறார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் கேள்வி வேறு. பார்த்தவர்கள் பல பேர். மூன்று மாதத்துக்குள் தன் வண்டியில் பொருத்தி, அதை வைத்து வேலை முடித்தவர் யார்?

30 அக்டோபர் 1908. ஷாலோன் ராணுவ முகாமை ஒட்டிய பூயி கிராமத்திலிருந்து கிளம்பி ரெய்ம்ஸ் நகருக்குப் போய் இறங்கினார். 27 கிலோமீட்டர், 20 நிமிடம். ஒரு மைதானத்துக்குள்ளேயே சுற்றாமல் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு விமானத்தில் போன முதல் பயணம் அது. வழியில் மரங்கள், வீடுகள், மின்கம்பிகள் வேறு.

ரைட் விமானத்தால் அன்றைக்கு இதை வசதியாகச் செய்திருக்க முடியுமா? அதற்குச் சக்கரம் கிடையாது, சறுக்குக் கட்டைதான். தண்டவாளம் போட்டு, கோபுரத்திலிருந்து எடையைக் கீழே விட்டு, அந்த இழுப்பில் விமானத்தை முன்னே வீசிவிட வேண்டும். வழியில் எங்காவது இறங்கினால் தண்டவாளத்தை அங்கே கொண்டுபோக வேண்டும். வுவாசானுக்குச் சக்கரம் உண்டு. இறங்கிய வயலிலிருந்தே மறுபடி கிளம்பலாம்.

#7 கிட்டி ஹாக் கட்சி

சக்கரம் ஒரு பெரிய விஷயமா சார்? மாட்டினால் மாட்டிவிடலாம். காற்றில் விமானத்தை அடக்குவது எப்படி என்று தெரிந்துகொள்வதுதான் கஷ்டம். அதற்குத்தான் ரைட்டுகள் வருஷக்கணக்கில் கிளைடரில் உயிரைப் பணயம் வைத்தார்கள். 1908 டிசம்பர் 31 அன்று வில்பர் 2 மணி 20 நிமிடம் பறந்து மிஷ்லின் கோப்பையை வாங்கினார். அந்த வருஷம் முடியும்போது யார் முன்னால் இருந்தார் என்பதில் சந்தேகமே வேண்டாம்.

#8 பழைய மெக்கானிக்

இருவருமே இன்ஜினை விட்டுவிட்டீர்கள். நான் லேத் பட்டறைக்காரன், எனக்கு இன்ஜின்தான் முக்கியம்.

1908இல் ஃபார்மனின் விமானத்தில் இருந்தது ஆந்த்வானெத், லெவவாசர் வடிவமைத்தது. வி வடிவில் 8 சிலிண்டர், சுமார் 50 குதிரைத்திறன். படகுக்குச் செய்த இன்ஜின் வழி வந்தது. எடை குறைவு, ஆனால் நோஞ்சான். பெட்ரோலைச் சிலிண்டரின் நுழைவாயிலில் பம்பால் தள்ளுகிற அமைப்பு அதில் உண்டு, அது அடிக்கடி அடைத்துக்கொள்ளும். ஐந்து நிமிடம் ஒழுங்காக ஓடினால் சந்தோஷம். கார் பந்தயத்தில் வழியோரம் நிறுத்தி இன்ஜினைப் பிரித்து மாட்டிப் பழகியவனுக்கு இது புதிதில்லை. பாரிஸ்–வியன்னா பந்தயத்தில் ஜாரட் என்கிற ஆள் சட்டம் உடைந்துபோய், விடுதி அறைச் சாமானின் கட்டைகளைக் கழற்றி வண்டிக்கு முட்டுக்கொடுத்து ஓட்டியிருக்கிறார். அந்தக் கூட்டத்திலிருந்து வந்தவர்தான் ஃபார்மன்.

அடுத்தது நோம். 1909இல் செகன் சகோதரர்கள் கொண்டுவந்தது, 7 சிலிண்டர், 50 குதிரைத்திறன். இதன் கூத்தே தனி. சாதாரண இன்ஜினில் சிலிண்டர் நிற்கும், கிராங்க் ஷாஃப்ட் (நடுத் தண்டு) சுற்றும். இதில் கிராங்க் ஷாஃப்டை விமானத்தோடு முடுக்கிவிட்டு, சிலிண்டர் கூட்டம் மொத்தமும் புரொப்பெல்லரோடு சேர்ந்து சுற்றும். சுற்றுகிற வேகத்தில் காற்று பட்டுத் தானே குளிர்ந்துவிடும். ரேடியேட்டர் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், ஃபிளைவீல் வேண்டாம். எடை பாதியாகிவிடும்.

எண்ணெய் என்ன தெரியுமா? விளக்கெண்ணெய். பெட்ரோலோடு கலந்து கரையாத எண்ணெய் வேண்டும், அதற்கு ஆமணக்கு எண்ணெயை விட்டால் அந்தக் காலத்தில் வேறு கதி இல்லை. உள்ளே போன எண்ணெய் திரும்பி வராது, எரிந்தும் எரியாமலும் வெளியே சிதறும். முன்பக்கம் நோம் இன்ஜின் வைத்த விமானங்களில் விமானியின் முகம், கண்ணாடி, சட்டை எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. ஃபார்மன் இன்ஜினைப் பின்னால் வைத்ததால் அவர் பிழைத்தார்.

#9 கடைசி பெஞ்ச்

விளக்கெண்ணெயை முகர்ந்துகொண்டே மணிக்கணக்கில் உட்கார்ந்தால் விமானத்தை விடச் சீக்கிரம் வேறொன்று இறங்கும் போலிருக்கிறதே.

#10 பழைய மெக்கானிக்

சிரிக்காதே தம்பி, அந்தக் கால விமானிகளின் வயிற்றுக் கோளாறு நிஜமான பிரச்சினை.

#11 ரயிலடி

எல்லாரும் ஃபார்மன் ஃபார்மன் என்கிறீர்கள். அந்த விமானத்தைச் செய்தவர்கள் கப்ரியேல் வுவாசான், ஷார்ல் வுவாசான் இருவரும். அவர்கள் வழக்கம் என்னவென்றால், வாங்குகிறவர் பெயரை வாலில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுப்பார்கள். அதனால் புகைப்படத்தில் தெரிவதெல்லாம் "ஹென்றி ஃபார்மன்". பத்திரிகைக்காரன் பார்த்ததும் அதைத்தான் எழுதினான். பட்டறையில் மரத்தை இழைத்தவனுக்குப் பெயர் இல்லை, காசு கொடுத்தவனுக்குப் பெயர். இது நியாயமா?

#12 பனார் பிரியன்

நல்ல கேள்வி. இதற்குப் பதில் தெலாகிரான்ஜ் கையில் இருக்கிறது.

தெலாகிரான்ஜ் சிற்பி. ஃபார்மனுக்கு முன்னாலேயே வுவாசானிடம் விமானம் வாங்கியவர். 1907 மார்ச்சில் ஷார்ல் வுவாசான் அதை ஓட்டி 60 மீட்டர் தாவினார். கிட்டத்தட்ட அதே விமானம், அதே இன்ஜின். நவம்பர் தொடக்கத்தில் தெலாகிரான்ஜ் எட்டியது 500 மீட்டர், அதோடு இறங்கும்போது விமானம் சேதம்.

ஃபார்மன் ஓட்டத் தொடங்கியது செப்டம்பர் கடைசியில். அக்டோபர் 26 அன்று 771 மீட்டர். நவம்பர் 9 அன்று ஒரு கிலோமீட்டருக்கு மேல், 1 நிமிடம் 14 நொடி. ஜனவரியில் சுற்று. ஒரே பட்டறை, ஒரே சரக்கு, ஆனால் கை வேறு.

அந்தக் கை என்ன செய்தது என்று பார்த்தால் மாயமந்திரம் ஒன்றும் இல்லை. இசி மைதானத்திலேயே கொட்டகை போட்டுக்கொண்டார். தரையில் ஓட்டிப் பார்ப்பார், கொஞ்சம் தாவிப் பார்ப்பார், எங்கே தடுமாறுகிறது என்று கவனித்துக் கொட்டகைக்குத் திரும்பி ஒன்றை மாற்றுவார், மறுபடி ஓட்டுவார். இறக்கைகளின் மேல்நோக்கிய சாய்வை மாற்றினார், பெட்டி போன்ற வாலைச் சின்னதாக்கினார். பந்தயத்துக்கு முன்னால் வண்டியைப் பதப்படுத்துகிற அதே பழக்கம். வுவாசான் விற்றது விமானம், ஃபார்மன் அதைப் பறக்கிற நிலைக்குக் கொண்டுவந்தார் என்று சொன்னால் வுவாசானுக்குக் கோபம் வரும், ஆனால் உண்மை அதை ஒட்டித்தான் இருக்கிறது.

#13 ரயிலடி

வுவாசானுக்குக் கோபம் வந்ததோ இல்லையோ, ஃபார்மனுக்கு வந்தது. 1909 தொடக்கத்தில் அவர் சொன்ன மாற்றங்களோடு ஒரு விமானம் வுவாசான் பட்டறையில் தயாரானது. கப்ரியேல் அதை மூர் பிரபசான் என்கிற ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார் (இவரும் கார் பந்தயக்காரர்தான், வேடிக்கை). அதோடு உறவு முறிந்தது. இனி நானே செய்துகொள்கிறேன் என்று ஃபார்மன் கிளம்பினார்.

#14 நீலவானம்

அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் ஃபார்மன் 3. 1909 ஏப்ரலில் முதலில் பறந்தது. என்னைக் கேட்டால் ஃபார்மனைப் பற்றிப் பேச வேண்டியதே இந்த விமானத்திலிருந்துதான், ஒரு கிலோமீட்டர் சுற்றிலிருந்து அல்ல.

பழைய படத்தைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு அடுக்கு இறக்கை, முன்னால் நீட்டிக்கொண்டு எலிவேட்டர், பின்னால் வெறும் சட்டங்களோடு வால். விமானி எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள். கீழ் இறக்கையின் முன் விளிம்பில், திண்ணையில் உட்காருவது போல. சுற்றி மறைப்பு இல்லை, கண்ணாடி இல்லை, இடுப்புப் பட்டை இல்லை. கால் ஒரு குறுக்குக் கட்டையில். முட்டிக்குக் கீழே நேராகத் தரை தெரியும். முதுகுக்குப் பின்னால் இன்ஜின்.

ஆனால் அந்தக் கையையும் காலையும் கவனியுங்கள். வலக்கையில் ஒரே கம்பு. முன்பின் தள்ளினால் எலிவேட்டர், பக்கவாட்டில் தள்ளினால் எய்லரான். காலால் சுக்கான். இன்றைக்கு ஒரு பயிற்சி விமானத்தில் ஏறி உட்கார்ந்தால் வேலைப் பிரிவினை அப்படியேதான் இருக்கிறது. ரைட் விமானத்தின் நெம்புகோல்களைப் பழக வாரக்கணக்கில் ஆகும் என்பார்கள். ஃபார்மன் விமானத்தில் புதியவனும் சீக்கிரம் பழகிவிடுவான். தரையில் நிற்கும்போது எய்லரான்கள் நாய்க்காது போலத் தொங்கும், வேகம் பிடித்ததும் காற்று அவற்றைத் தூக்கிச் சமமாக்கிவிடும். சக்கரமும் சறுக்குக் கட்டையும் ரப்பர் நாடாவால் கட்டி இரண்டையும் சேர்த்தே வைத்தார், கரடுமுரடான வயலில் இறங்கினாலும் தாங்கும்.

கிட்டி ஹாக் அண்ணா, இதில் எது கண்டுபிடிப்பு என்று கேட்டால் தனித்தனியாக ஒன்றும் இல்லைதான். சேர்த்து வைத்த விதத்தைப் பாருங்கள்.

#15 கிட்டி ஹாக் கட்சி

சேர்த்து வைத்ததற்கு மதிப்பெண் கொடுக்கிறேன். ஆனால் அது காற்றில் ஏதாவது நிரூபித்ததா, அதைச் சொல்லுங்கள்.

#16 நீலவானம்

ரெய்ம்ஸ், ஆகஸ்ட் 22 முதல் 29 வரை, 1909. நகருக்கு வெளியே பெத்தெனி சமவெளி. உலகின் முதல் பெரிய விமானப் போட்டி. ஷாம்பெய்ன் வியாபாரிகள் பணம் போட்டார்கள், முதல் நாள் மழையில் மைதானம் சேறானது. ரைட் விமானங்களும் வந்திருந்தன, பிளேரியோ வந்திருந்தார், அமெரிக்காவிலிருந்து கர்ட்டிஸ் வந்திருந்தார்.

பெரிய பரிசு தூரத்துக்கு, 50,000 ஃபிராங்க். 25ஆம் தேதி போலான் 130 கிலோமீட்டரைத் தாண்டினார். 26ஆம் தேதி லாத்தாம், அழகான ஆந்த்வானெத் ஒற்றை இறக்கை விமானத்தில், 154 கிலோமீட்டர். அதோடு முடிந்தது என்று பலரும் நினைத்தார்கள்.

ஃபார்மன் கடைசி நேரத்தில் தன் பழைய விவினுஸ் இன்ஜினைக் கழற்றிவிட்டு நோம் இன்ஜினை மாட்டினார். 27ஆம் தேதி மாலை நாலரை மணிக்குக் கொஞ்சம் முன்னால் கிளம்பினார். தரையை ஒட்டி, சில மீட்டர் உயரத்தில், மெதுவாக. 10 கிலோமீட்டர் சுற்று, மறுபடி ஒரு சுற்று, மறுபடி. பார்க்கிறவர்களுக்கு அலுப்பாக இருந்திருக்கும். லாத்தாம் மணிக்கு 67 கிலோமீட்டர் வேகத்தில் போன இடத்தில் இவர் 58. ஆனால் நிற்கவில்லை. பொழுது சாய்ந்தது, விளக்கு வைத்தார்கள், இவர் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தார். விதிப்படி ஏழரை மணியோடு கணக்கு முடிந்தது. 180 கிலோமீட்டர், 3 மணி 4 நிமிடம் 56 நொடி. அதற்குப் பிறகும் இறங்காமல் இருட்டில் இன்னும் கொஞ்சம் பறந்தார்.

இன்னொரு நாள் இரண்டு பயணிகளை ஏற்றிக்கொண்டு சுற்றி, பயணிப் பரிசையும் வாங்கினார். உயரப் போட்டியில் லாத்தாமுக்கு அடுத்த இடம், 110 மீட்டர். மொத்தம் 63,000 ஃபிராங்க் அவர் பைக்கு. வேகப் பரிசு கர்ட்டிஸுக்கு. நவம்பரில் மூர்மெலோன் மைதானத்தில் 4 மணி 17 நிமிடம் பறந்து தன் சாதனையைத் தானே முறியடித்தார். வில்பரின் 2 மணி 20 நிமிடம் அதற்குள் பழங்கதை ஆகிவிட்டது.

#17 பழைய மெக்கானிக்

மெதுவாகப் போனார் என்பதை அழுத்திச் சொல்லுங்கள் அம்மா. மூன்று மணி நேரம் சுற்றுகிற இன்ஜினை ஒருவன் முதல் தடவை நம்புகிறான், கீழே பெட்ரோல் எவ்வளவு மிச்சம் என்று மனதில் கணக்குப் போட்டுக்கொண்டே ஓட்டுகிறான். பந்தயத்தில் முதல் சுற்றில் முந்துகிறவன் வேறு, கடைசிச் சுற்றில் ஓடிக்கொண்டிருக்கிறவன் வேறு. பாரிஸ்–வியன்னா போன தெருப் பந்தயங்கள் நாள்கணக்கில் நடந்தவை. அங்கே கற்றது இது.

#18 கிட்டி ஹாக் கட்சி

சரி, ரெய்ம்ஸை ஒத்துக்கொள்கிறேன். 1909 ஆகஸ்டில் ஃபார்மன் முந்திவிட்டார். ஆனால் ரைட்டுகள் போட்ட விதையில் வளர்ந்த பயிர் அது என்கிற என் கட்சியை மாற்றவில்லை. எய்லரானுக்காக ரைட்டுகள் நீதிமன்றப் படி ஏறியதும் சும்மா இல்லை.

#19 மிதிவண்டி மணி

ஒரு சின்னச் சந்தேகம். இவர் ஆங்கிலேயரா பிரெஞ்சுக்காரரா? சில இடங்களில் ஆங்கிலேய விமானி என்று போட்டிருக்கிறார்கள்.

#20 ரயிலடி

பிறந்தது, வளர்ந்தது, பறந்தது, செத்தது எல்லாம் பிரான்ஸ். பெற்றோர் ஆங்கிலேயர் என்பதால் குடியுரிமை மட்டும் ஆங்கிலேயருடையது. 1937இல்தான் காகிதப்படி பிரெஞ்சுக் குடிமகன் ஆனார், அப்போது வயது 63. 1908இல் பாரிஸ்காரர்கள் யாரும் காகிதம் கேட்டதாகத் தெரியவில்லை, நம்ம ஆள் என்றுதான் கொண்டாடினார்கள்.

#21 மேகக்கூட்டம்

இந்தியாவுக்கு ஒரு தொடர்பு உண்டு, யாரும் சொல்லவில்லை. ஃபார்மன் 3 வகையை எல்லாரும் நகல் எடுத்தார்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நிறுவனம் செய்த பாக்ஸ்கைட் கிட்டத்தட்ட அச்சு அசல் ஃபார்மன்தான். அதைக் கல்கத்தாவில் ஜுல்லெரோ என்கிற பிரெஞ்சு விமானி பறந்து காட்டினார், ராணுவத்தினரிடம் விற்பதற்காக.

இன்னொன்று, 18 பிப்ரவரி 1911, அலகாபாத் கண்காட்சி. ஹென்றி பெக்கே என்கிற 23 வயதுப் பிரெஞ்சுக்காரர் சுமார் 6,500 கடிதங்களை ஏற்றிக்கொண்டு யமுனையைத் தாண்டி நைனியில் இறங்கினார். விமானத்தில் அதிகாரபூர்வமாகத் தபால் போனது உலகில் அதுதான் முதல் தடவை. அவர் ஓட்டியது ஹம்பர் நிறுவனம் செய்த சோமேர் வகை விமானம். ரோஜர் சோமேர் யார்? ஃபார்மன் விமானம் ஒன்றை வாங்கி ஓட்டி, அப்புறம் அதே பாணியில் சொந்தமாகச் செய்யத் தொடங்கியவர். ஆக, நைனியில் இறங்கியது ஃபார்மனின் சித்தப்பா பிள்ளை என்று வைத்துக்கொள்ளலாம்.

#22 கடைசி பெஞ்ச்

1910இல் லண்டன்–மான்செஸ்டர் பந்தயம் நடந்ததே, அதிலும் ஃபார்மன் விமானம்தானே?

#23 மேகக்கூட்டம்

ஜெயித்த போலான், தோற்ற கிரஹாம் ஒயிட், இருவர் கையிலும் அதே விமானம். 10,000 பவுண்டு பரிசு. கிரஹாம் ஒயிட் பின்தங்கியதும் ராத்திரியிலேயே கிளம்பிப் பிடிக்கப் பார்த்தார், காரின் விளக்கு வெளிச்சத்தில் வழி பார்த்துக்கொண்டு. முடியவில்லை. எப்படிப் பார்த்தாலும் ஃபார்மன் கம்பெனிக்கு விளம்பரம்.

#24 பனார் பிரியன்

கம்பெனி என்றதும் மீதியையும் சொல்லிவிடுகிறேன். அண்ணன் தம்பி சேர்ந்து பாரிஸ் அருகே பில்லான்கூரில் பெரிய தொழிற்சாலை வைத்தார்கள். இன்னொரு சகோதரர் டிக் கணக்கு வழக்கைப் பார்த்தார். முதல் உலகப் போரின் தொடக்கத்தில் பிரான்ஸும் பிரிட்டனும் வேவு பார்க்கவும் பயிற்சிக்கும் ஃபார்மன் விமானங்களை நம்பியிருந்தன. இன்ஜின் பின்னால் இருக்கிற அந்தப் பழைய வடிவம் போரின் நடுவில் ஜெர்மன் சண்டை விமானங்களுக்கு எளிதான இரையானது. அதை விட்டு வெளியே வர ஃபார்மன்கள் தாமதித்தார்கள் என்பது என் அபிப்பிராயம். ஒரு காலத்தில் அவர்களை உயர்த்திய வடிவத்தையே ரொம்ப நாள் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

போர் முடிந்ததும் நல்ல வேலை ஒன்று செய்தார்கள். குண்டு வீசச் செய்த கோலியாத் என்ற பெரிய விமானத்துக்குள் நாற்காலி போட்டார்கள். 8 பிப்ரவரி 1919 அன்று பாரிஸ் பக்கத்து தூசுஸ் லெ நோப்ளிலிருந்து லண்டன் பக்கத்து கென்லிக்கு அது பயணிகளோடு போனது, ஓட்டியவர் பொசுத்ரோ. சாதாரண மக்கள் பறக்க அப்போது அனுமதி இல்லாததால் ஏறியவர்கள் எல்லாரும் ராணுவத்தினர். அதற்குப் பிறகு ஃபார்மன் பெயரிலேயே விமானச் சேவை ஓடியது. 1936–37 வாக்கில் அரசு பிரெஞ்சு விமானத் தொழிற்சாலைகளை எடுத்துக்கொண்டபோது இவர்களுடையதும் போனது. ஹென்றி இறந்தது 17 ஜூலை 1958. அப்போது ஜெட் பயணி விமானங்கள் வந்துவிட்டன.

#25 பழைய மெக்கானிக்

கார் செய்ததை விட்டுவிட்டீர்களே. 1920களில் ஆறு சிலிண்டர், ஆறரை லிட்டருக்கு மேல் கொள்ளளவு, விமான இன்ஜின் அனுபவத்தில் செய்த சொகுசுக் கார். விலை யானை விலை. 1931 வாக்கில் நிறுத்திவிட்டார்கள்.

#26 மிதிவண்டி மணி

இதே மாதிரி கார் பந்தயத்திலிருந்து விமானத்துக்குப் போனவர்கள் வேறு யார் யார்?

#27 நீலவானம்

நிறையப் பேர். ஹென்றி ரூஜியே, 1909–10இல் வுவாசான் விமானத்தில் பறந்தவர், 1911இல் முதல் மான்டே கார்லோ ராலியை ஜெயித்தவரும் அவரே. ஜார்ஜ் புவாலோ, பெஜோ காரில் 1912, 1913 பிரெஞ்சு கிராண்ட் பிரிக்ஸ் இரண்டையும் வென்றவர், போரில் சண்டை விமானியாகி 1916 மேயில் வீழ்ந்தார்.

எனக்குப் பிடித்தவர் ரெனே தோமா. 1910 அக்டோபரில் மிலான் விமானப் போட்டியில் ஆந்த்வானெத் விமானத்தில் மேலிருந்து இறங்கி வந்தவர், கீழே பறந்துகொண்டிருந்த டிக்சன் என்ற ஆங்கிலேய கேப்டனின் விமானத்தின் மேலேயே மோதிவிட்டார். விமானங்கள் வானத்தில் ஒன்றோடொன்று மோதிய முதல் விபத்து. இருவரும் பிழைத்தார்கள், டிக்சனுக்குப் பலத்த காயம். தோமா கார் பந்தயத்துக்குத் திரும்பி, 1914இல் தெலாஜ் காரில் இண்டியானாபொலிஸ் 500ஐ ஜெயித்தார். டிக்சன் ஓட்டிய விமானம் எது என்று நினைக்கிறீர்கள்? ஃபார்மன்.

#28 கிட்டி ஹாக் கட்சி

தோமாவுக்குத் தனி இழை திறங்கள், நான் வருகிறேன். அவர் விஷயத்தில் ரைட் சகோதரர்களை இழுக்க மாட்டேன் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.